எடைக்குப் போட்ட பாட்டு

1970-ல் மெட்ராஸ் இளைஞர்கள் வாசித்த ராக் இசை பல ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் மறுபதிப்பானது. கானா பிறந்த வடசென்னையில் அப்படி மறுபதிப்புப் போட ஒரு தட்டுகூட மிச்சமில்லாத பாட்டுகள் ஏராளம். பழைய பாட்டு புதுப் பணமாகும் இந்தக் காலத்தில் பங்கு யாருக்கு?

காசிமேட்டில் மீன் ஏலம் ஓய்ந்து, ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகள் சூரியநாராயணா தெரு வழியாக வெளியேறும் நேரம். ராயபுரத்துச் சந்துகளில் காயலான் கடை ஷட்டர்கள் ஏறுகின்றன. வீடு காலி செய்பவர்கள் இறக்கிவிட்டுப் போகும் மூட்டைகளைப் பிரித்து, பித்தளை தனி, இரும்பு தனி, ஒயர் தனி என்று பங்கு போடுகிறார்கள். மூட்டைக்குள் பழைய எல்.பி. ரெக்கார்டு இருந்தால் அதற்கும் இதே கதிதான். அட்டை பேப்பர் குவியலுக்குப் போகும், தட்டு பிளாஸ்டிக் குவியலுக்குப் போகும். பாடியவர், கிதார் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் என எல்லாருடைய பெயரும் அட்டையில்தான் அச்சாகியிருக்கும். ஓசை தட்டில் இருக்கும். தராசில் ஏறும் நிமிடத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

தன் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா எந்தப் படத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார் என்பது இன்று டீக்கடைப் பேச்சு. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, 2025-ல் ‘குட் பேட் அக்லி’ என்று பட்டியல் நீள்கிறது. அவர் கேட்கிறார், கேட்க அவரிடம் பெயரும் பத்திரமும் வக்கீலும் உண்டு. அந்த மூன்றும் இல்லாதவர்களின் பாட்டு என்ன ஆகிறது என்று தேடப் போனால், சிகரெட் கம்பெனி ஒன்று வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளில் போய் நிற்கிறோம்.

சிகரெட் விற்கப் பிறந்த ராக்

இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம், அதாவது இன்றைய ஐ.டி.சி., ‘சிம்லா’ என்ற சிகரெட்டை இளைஞர்களிடம் கொண்டுபோக ‘அகில இந்திய சிம்லா பீட்’ என்ற இசைப் போட்டியை நடத்தியது. இறுதிச் சுற்று பம்பாய் மாதுங்காவின் சண்முகானந்தா அரங்கில் நடந்தது. கர்நாடக இசைக் கச்சேரிக்காகத் தமிழர்கள் முன்னின்று எழுப்பிய அரங்கு அது. தம்பூரா சுருதி கேட்டுப் பழகிய அதே மேடையில் ஆம்ப்ளிஃபையர்கள் அலறின.

1970, 1971 போட்டிகளில் வாசித்த குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து இரண்டு எல்.பி.க்கள் வந்தன. மெட்ராஸின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’, ஷில்லாங்கின் ‘ஃபென்டோன்ஸ்’, கல்கத்தாவின் ‘கிரேட் பேர்’ போன்ற குழுக்கள் அவற்றில் இருந்தன. சிலர் அமெரிக்க, ஆங்கிலப் பாட்டுகளைத் திருப்பி வாசித்தார்கள். சிலர் சொந்தமாகக் கட்டினார்கள். ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’ என்ற கன்ஃப்யூஷன்ஸ் பாட்டின் பெயரே அன்றைய காற்று எந்தத் திசையில் அடித்தது என்று காட்டிவிடும்.

அந்தக் காற்றுக்கு ‘சைக்கடெலிக் ராக்’ என்று பெயர். கிதார் ஓசையை ‘ஃபஸ்’ பெட்டிக்குள் விட்டுக் கரகரக்க வைப்பது, குரலுக்கு எக்கோ கொடுத்துக் குகைக்குள் தள்ளுவது, நாலு நிமிடப் பாட்டைப் பத்து நிமிடம் இழுப்பது, கேட்பவரை ஒரு மயக்கத்துக்குள் கொண்டுபோவது என்பவை அதன் வேலை. 1960-களின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றி, சிதாரையும் தபலாவையும் நம்மிடம் கடன் வாங்கிய இசை அது. வாங்கிய கடன் இந்திய இளைஞர்களிடம் மின்கிதார் வடிவில் திரும்பி வந்தது.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. அதே ஐ.டி.சி.யின் அச்சு, பேக்கேஜிங் ஆலை திருவொற்றியூரில்தான் இருக்கிறது.

இரண்டு எல்.பி.யோடு கதை முடிந்தது. வெளிநாட்டு கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு, ரெக்கார்டு கம்பெனிகளுக்குச் சினிமாப் பாட்டு போதும் என்ற நிலை, வாசித்தவர்களுக்கு வேலை, கல்யாணம், வெளிநாட்டு விசா. குழுக்கள் கலைந்தன, தட்டுகள் பரண் ஏறின. பல ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் கியூ.டி.கே. மீடியா அவற்றை ‘சிம்லா பீட் 70/71’ என்று ஒரே தொகுப்பாக வெளியிட்டது. ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் ‘மெட்ராஸ்’ என்ற ஊரை ஃபஸ் கிதார் வழியாகத் தெரிந்துகொண்டார்கள்.

---
பெட்டிச் செய்தி: மறுபதிப்பு எப்படி நடக்கிறது?

● ஸ்டூடியோவில் பதிவான மாஸ்டர் டேப்பிலிருந்து ‘லேக்கர்’ தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சுகளுக்கிடையே சூடான வினைலை அழுத்தினால் எல்.பி. தயார். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று அதன் வேகம்.
● டேப்பின் பகை ஈரக்காற்று. 1970, 80-களின் டேப்புகள் பலவற்றில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தி, உடனே டிஜிட்டலுக்கு மாற்றுவார்கள்.
● டேப்பே இல்லாவிட்டால், கிடைத்ததில் நல்ல தட்டு ஒன்றை ஓடவிட்டு அதிலிருந்து எடுப்பார்கள். கீறல் ஓசையைக் கணினியில் துடைப்பார்கள்.
---

துறைமுகம் பழக்கிய காது

அந்நிய ஓசை வடசென்னைக்குப் புதிதல்ல. திருவொற்றியூருக்குப் பக்கத்தில் மணலி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முத்துகிருஷ்ண முதலியார், ராமசாமி தீட்சிதர் குடும்பத்தை அழைத்துவந்து ஆதரித்தார். அந்த வீட்டுப் பிள்ளை முத்துசுவாமி தீட்சிதர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் ‘நோட்டுஸ்வர’ சாகித்தியங்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தத் தொடர்பில் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரி உண்டா?

1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. ரயிலோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வேரூன்றின. கிறிஸ்துமஸ் நடனம், பியானோ, கிதார், டிரம்ஸ் எல்லாம் அந்த வீடுகளில் அன்றாடம். சுதந்திரத்துக்குப் பிறகு பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். பெட்டியில் இடம் இல்லாத பொருள்கள் இங்கேயே கைமாறின.

1969-ல் துறைமுகத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகக் கடைகள் உருவாயின. பர்மா பஜார் என்றால் ‘ஃபாரின் சரக்கு’. டிரான்சிஸ்டர், டூ-இன்-ஒன், பிறகு கேசட். கப்பல் கொண்டுவந்த பாட்டு சுங்கத்தைத் தாண்டி முதலில் விழுந்த காது வடசென்னையின் காது. பழைய தட்டு தேடுபவர்களுக்கு சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே 30-ல் அது எரிந்தபோது புத்தகங்களோடு கணக்கில் வராத எத்தனையோ தட்டுகளும் உருகிப்போயின.

துறைமுகத்தோடு ஆலைகளும் வடசென்னையில் உண்டு: எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு. உலகத்தின் மறுபதிப்புக் கதைகளில் பெரிதாகப் பேசப்படும் இரண்டும் இதேபோன்ற தொழில் ஊர்களில்தான் நடந்தன.

டெட்ராய்ட்டும் ஜாம்பியாவும் சொல்லும் பாடம்

அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்ட்டில் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் 1970-ல் ‘கோல்டு ஃபேக்ட்’ என்ற ஆல்பம் போட்டார். ஊரில் விலை போகவில்லை. மனிதர் கட்டட வேலைக்கும் இடிக்கும் வேலைக்கும் போனார். அதே பாட்டு தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒலித்தது அவருக்கே பல ஆண்டுகள் தெரியாது. 2008-ல் லைட் இன் தி ஆட்டிக் என்ற சிறு நிறுவனம் மறுபதிப்பிட்டது. 2012-ல் வந்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆவணப்படம் அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. 2023-ல் மறையும்வரை மேடைகள் அவருக்குக் காத்திருந்தன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் விற்ற தட்டுகளின் ராயல்டி எந்தச் சட்டைப்பைக்குப் போனது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது.

ஜாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் 1970-களில் ‘ஜாம்ராக்’ என்ற சைக்கடெலிக் அலை எழுந்தது. ‘விட்ச்’ குழுவின் பாடகர் ஜகாரி சாண்டா பின்னாளில் ரத்தினக்கல் தோண்டப் போனார். மறுபதிப்புகளும் ஆவணப்படமும் வந்த பிறகு உலகம் சுற்றினார், 2023-ல் புது ஆல்பமும் வந்தது.

இந்தியாவிலும் இப்படி நடந்திருக்கிறது. பம்பாயின் ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’ குழுவின் ‘அப்செஷன் 77’ ஆல்பத்தை அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம் 2011-ல் மீண்டும் வெளியிட்டது. சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களைச் சிந்தசைசரில் வாசித்து ஒரு தட்டு போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் அதை டெல்லியில் கண்டெடுத்து 2010-ல் மறுபதிப்பிட்டார். எழுபதைத் தாண்டிய வயதில் சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் கூட்டத்துக்கு வாசித்தார். 2015-ல் காலமானார்.

மெட்ராஸுக்கும் பங்கு கிடைத்தது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் 1977–83 காலத்து மின்னணுப் பாட்டுகளை ‘சொல்லச் சொல்ல’ என்று தொகுத்தது. நாம் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுக் கடந்த பாட்டை மான்செஸ்டர்க்காரர் ஹெட்ஃபோனில் கேட்டு வியந்தார்.

இந்த எல்லாக் கதையிலும் ஒன்று பொது. தட்டு கையில் கிடைத்தது, தட்டோடு பெயரும் கிடைத்தது. பெயர் இருந்ததால் ஆளைத் தேடிப் போக முடிந்தது, ஆள் கிடைத்ததால் மேடையும் பணமும் வந்தன.

பெயர் கிடைக்காவிட்டால்? கம்போடியாவைப் பாருங்கள். 1960, 70-களின் ராக் பாடகர்கள் பலர் கெமர் ரூஜ் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள். 1996-ல் அமெரிக்காவில் ‘கம்போடியன் ராக்ஸ்’ என்ற தொகுப்பு வெளியானது. அதில் பாடகர்களின் பெயரும் இல்லை, பாட்டுகளின் பெயரும் இல்லை. சின் சிசமூத், ரோஸ் செரே சொத்தியா போன்ற மாபெரும் கலைஞர்கள் வெறும் ‘கம்போடியா’ ஆனார்கள். ரசிகர்களும் ஆய்வாளர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு குரலுக்கும் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

---
பெட்டிச் செய்தி: காப்புரிமைக் கணக்கு (இந்தியா)

● ஒலிப்பதிவு: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. 1970-ல் வந்த தட்டுக்கு 2030 டிசம்பர் 31-ல் முடிகிறது.
● மெட்டும் வரிகளும்: படைத்தவரின் ஆயுட்காலமும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டும்.
● பாடுபவர், வாசிப்பவர் உரிமை: 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. 1970-ல் கிதார் வாசித்தவருக்கு அப்படி ஒரு உரிமையே ஏட்டில் இல்லை.
● 2012 திருத்தம்: சினிமாவிலோ தட்டிலோ சேர்ந்த பாட்டின் ராயல்டிப் பங்கை இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கும் வசூல் சங்கத்துக்கும் மட்டும் தரலாம்.
● உரிமையாளர் யார் என்றே தெரியாத படைப்பு: செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து, விண்ணப்பித்து, ராயல்டித் தொகையைக் கட்டி உரிமம் பெற வழி உண்டு.
---

தட்டே இல்லாத பாட்டுக்கு யார் மறுபதிப்பு?

இப்போது ராயபுரம், தண்டையார்பேட்டை, புளியந்தோப்புக்கு வருவோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மில் வேலைக்காரர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் பாடி வளர்த்தது கானா. சாவு வீட்டில் விடிய விடிய ஓடும் மரண கானா அதன் ஆணிவேர். செத்தவரின் பெயர், வேலை, குணம், குடி, காதல் எல்லாம் அந்த ஓர் இரவில் பாட்டாகும். மறுநாள் பிணம் எடுத்ததும் பாட்டும் போய்விடும். எச்.எம்.வி. ரெக்கார்டு கம்பெனி அதைத் தட்டாக்க ராயபுரம் வந்து நிற்கவில்லை.

கேசட் வந்த பிறகுதான் கானாவுக்குச் சொந்தமாக ஒரு சந்தை கிடைத்தது. அதன் பின் வி.சி.டி., அதன் பின் செல்போன் மெமரி கார்டு, இப்போது யூடியூப். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தலைமுறைப் பாட்டு உதிர்ந்தது. வீட்டில் பதிவான கேசட்டுக்கு மாஸ்டர் டேப் கிடையாது, பிரதியிலிருந்து பிரதி எடுத்ததுதான். உப்புக்காற்றும் ஈரமும் மழை வெள்ளமும் சேர்ந்தால் அதற்கு எத்தனை ஆயுள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்ததை நினைத்துப் பாருங்கள். படகையும் வலையையுமே காப்பாற்ற முடியாத ஊரில் பரண் மேல் கேசட்டைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம்.

1990-களில் தேவா இசையில் கானா சினிமாவின் நட்சத்திரச் சரக்கானது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு பட்டிதொட்டி எங்கும் போனது. பிறகு கானா பாலா வந்தார். பெயரோடு திரைக்கு வந்தவர்கள் அறியப்பட்டார்கள். அவர்களுக்கு முன்னால் மெட்டைக் கட்டி, தெருவில் புழங்கவிட்டுப் போனவர்களுக்கு ஏட்டில் வரி இல்லை. எல்லாரும் பாடிய மெட்டு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முதலில் பாடிய வாய் ஒன்று இருந்தே தீரும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது ராக், கானா என்ற இந்த இரண்டு ஓட்டங்களும் கைகோத்தன. இயக்குநர் பா.இரஞ்சித் முன்னெடுப்பில், டென்மா ஒருங்கிணைப்பில் கானாக்காரர்களும் ராப் பாடகர்களும் ராக் கிதாரும் ஒரே மேடையில். சிம்லா பீட் காலத்தில் மெட்ராஸ் கிதார் ஆங்கிலத்தில் பேசியது. கீழ்ப்பாக்கத்தில் அது சாதியைப் பற்றித் தமிழில் பேசியது.

பெயர்ச் சண்டை மட்டும் ஓயவில்லை. 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் முழுக்க ஓடியது. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் அதை எழுதிப் பாடிய அறிவு இல்லை என்று எதிர்ப்புக் கிளம்பியது. அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை பின்னர் வந்தது. 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைக் கொடுத்தது. யார் சொல்வது சரி என்பதை ஒப்பந்தத் தாள்கள்தான் தீர்மானிக்க முடியும். கோடிக்கணக்கானோர் பார்த்த, எல்லாப் பெயரும் தெரிந்த பாட்டுக்கே இந்தக் கதி என்றால், மரண கானா பாடுகிறவர் எந்தத் தாளைக் காட்டுவார்?

---
பெட்டிச் செய்தி: வினைல் ஏன் திரும்பியது?

● 2022-ல் அமெரிக்காவில் வினைல் தட்டுகளின் எண்ணிக்கை விற்பனை சி.டி.யை முந்தியது. 1987-க்குப் பிறகு இதுவே முதல்முறை. சுமார் 4.1 கோடி தட்டுகள், 3.3 கோடி சி.டி.க்கள்.
● இந்தியாவில் கேசட்டும் சி.டி.யும் எல்.பி.யைத் துரத்திய பிறகு தட்டு அழுத்தும் ஆலைகள் மூடின. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024-ல் மும்பைப் பகுதியில் மீண்டும் ஓர் ஆலை தொடங்கியது.
---

பணம் வரும் பாதையும் நம் பாதையும்

மறுபதிப்பைப் பழைய நினைவில் உருகுவோரின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வியாபாரம். ஒரு சேகரிப்பாளர் தட்டைக் கண்டெடுக்கிறார், ஒரு சிறு நிறுவனம் உரிமை வாங்குகிறது, சில நூறு அல்லது சில ஆயிரம் பிரதி அழுத்துகிறது. பெரிய பணம் அதோடு நிற்பதில்லை. விளம்பரத்திலும் தொடரிலும் இன்னொரு பாட்டுக்குள் வெட்டி ஒட்டும் ‘சாம்பிள்’ வழியாகவும் அது வருகிறது. 2003-ல் பிளாக் ஐட் பீஸ் குழு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துப் பாட்டை எடுத்தாண்டது. 2007-ல் ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. ‘தளபதி’ பாட்டிலிருந்து எடுத்தார். இரண்டுமே இளையராஜா. எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல முடிகிறது, ஏனென்றால் தட்டும் பெயரும் இருக்கின்றன.

நம் பக்கம் வேலை நடக்காமல் இல்லை. தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் காத்து வைத்திருக்கிறது. நாட்டார் இசை உள்ளிட்ட ஒலிப்பதிவுகளுக்காக 1982-ல் தொடங்கிய ஓர் ஆவணக் காப்பகம் இன்று டெல்லியை ஒட்டிய குருகிராமில் இயங்குகிறது. வடசென்னைக்கு அந்த அக்கறையைக் கொண்டுவரப் பெரிய கட்டடம் தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் ஒரு ரெக்கார்டரோடு தண்டையார்பேட்டையின் மூத்த கானாக்காரர்களிடம் உட்கார்ந்தால் ஆரம்பமாகிவிடும். கேசட் வைத்திருப்பவர் அதை டிஜிட்டலுக்கு மாற்றும் முன் உறையில் கிறுக்கிய எழுத்தையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். படமெடுப்பதை விட்டுவிட்டு டிஜிட்டலுக்கு மட்டும் மாற்றினால் நாமே நம் ‘கம்போடியன் ராக்ஸ்’ தொகுப்பைப் போட்டவர்கள் ஆவோம்.

2031 ஜனவரி 1 அன்று 1970-ம் ஆண்டின் ஒலிப்பதிவுகள் காப்புரிமைக் காலத்தைக் கடக்கும். உள்ளே இருக்கும் மெட்டும் வரியும் தனிக்கணக்கு என்றாலும், ஒலிப்பதிவை எடுத்துப் பதிப்பிக்க யாரும் வரலாம். அன்று அந்த வாத்தியக்காரர்களின் பெயரைச் சேர்க்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. பெயர் எளிதாகக் கிடைத்தால் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் ‘மெட்ராஸ் குழு’ என்று முடித்துக்கொள்வார்கள்.

1970-ன் ஆட்களிடம் இல்லாத ஒரு வசதி இன்றைய பாடகர்களிடம் இருக்கிறது. சட்டம் இப்போது பாடுபவரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, பதிவு செய்யும் கருவி சட்டைப்பையில் இருக்கிறது. மிச்சம் வேண்டியது ஒரே ஒரு பக்கத் தாள். பாடிய தேதி, இடம், எழுதியவர், பாடியவர், தாளம் அடித்தவர், வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு, எல்லாருடைய கையெழுத்து. யூடியூப் சேனல்காரர் கேமராவோடு வரும் நாளிலேயே அந்தத் தாளை நீட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் பாட்டை அவருக்குக் கொடுக்காதீர்கள்.